கொழுக்கட்டை கடித்த அரளி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூரியன்மேல் சத்தியம், சோற்றுப்பானைமேல் சத்தியம், பக்கத்து வீட்டுக்காரன் தலைமேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சத்தியம். ஒரு எழுத்து பொய்யென்றாலும் சொன்னவன் மீசை இந்த நிமிடமே கொட்டிப்போகட்டும். அவன் மீசை வைத்திருக்கிறானா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அந்தக் காலத்தில் செடிகளுக்கு நடக்கத் தெரியும். மழை பொய்த்த ஊரை விட்டு மழை பெய்த ஊருக்கு, வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல வேரை மடித்துச் சொருகிக்கொண்டு கிளம்பிவிடும். பிடித்த வீடாகப் பார்த்து, "இடம் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்கும். இருந்தால் குழியில் இறங்கி நின்றுகொள்ளும். முயலுக்கோ அப்போது வாய் கொள்ளாத பேச்சு. மூக்கு மட்டும், நெற்றிப் பொட்டை இடம் மாற்றி ஒட்டியதுபோல, அசையாமல் சும்மா இருந்தது. வாசம் என்றால் என்னவென்றே முயலுக்குத் தெரியாது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் குருவம்மாள் ஒரு முயல் வளர்த்தாள். பெயர் கொழுக்கட்டை. ஏன் அந்தப் பெயர் என்று பார்த்தவர்கள் கேட்டதில்லை. புதரில் தாயில்லாமல் கிடந்த குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தவள் அவள்தான். அவளும் புருஷன் சடையாண்டியும் பூந்தோட்டம் வைத்துப் பிழைத்தார்கள். திருவிழா அன்று ஊர் அம்மனுக்குச் சாத்துகிற முதல் மாலை அவர்கள் தோட்டத்துப் பூவில்தான் கட்ட வேண்டும். அது அந்த ஊர் முறை.

குருவம்மாள் பூக்கட்ட உட்கார்ந்தால் கொழுக்கட்டை மடியில் ஏறும். மடியிலிருந்து தோளுக்குத் தாவும். தோளில் நின்றபடி அவள் கொண்டையிலிருக்கும் பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்றுகொண்டே ஊர்க்கதை பேசும்.

"ஆத்தா, இன்னிக்கு மல்லி லேசாக் காய்ஞ்சிருக்கு. தண்ணி ஒழுங்கா ஊத்துறியா இல்லையா?"

"தலையில வச்ச பூவைத் திங்கிறது பத்தாதுன்னு குறை வேறயாடா உனக்கு?"

"குறை இல்ல ஆத்தா. அக்கறை."

கொண்டையோடு நின்றிருந்தால் வம்பில்லை. அந்த வருஷம் திருவிழா நெருங்குகிற நேரத்தில் சடையாண்டி பூப்பறிக்கப் போய், வெறும் கூடையோடு திரும்பி வந்தான்.

"அடியே, தோட்டத்துல பூ இல்ல. இலை இல்ல. செம்பருத்தி விளக்குமாறு மாதிரி நிக்குது. ரோசாவுல முள்ளை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டு வச்சிருக்கான் உன் மகன்."

"சின்னப்பிள்ளை மாமா அது."

"சின்னப்பிள்ளையா? தூக்கிப் பாரு, இடுப்பு பிடிச்சுக்கும். அம்மனுக்கு முதல் மாலை போகலேன்னா நான் ஊருக்குள்ள எந்த முகத்தோட நடக்குறது? இப்பவே சொல்லிட்டேன். திருவிழாவுக்குள்ள இந்தத் தோட்டம் பூக்கணும். இல்லேன்னா அன்னிக்கு நம்ம வீட்டுல முயல் குழம்பு."

சொன்னதோடு விடவில்லை. கொல்லைப்புறம் போய், பரணிலிருந்து இறக்கிய பெரிய மண்பானையை ஊருக்கே கேட்கிற மாதிரி தேய்க்க ஆரம்பித்தான்.

கொழுக்கட்டை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடியது. பிறகு காதைக் கொல்லைப்புறம் திருப்பிக்கொண்டு மெல்லக் கேட்டது.

"ஆத்தா, அந்தப் பானை யாருக்கு?"

"உனக்குத்தான்டா." குருவம்மாள் கொழுக்கட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவள் புருஷன் கோபத்தில் சொன்ன சொல்லைக் கோபம் போன பிறகும் காப்பாற்றுகிற ஆள். "நீ வாய் வைக்காத செடியாப் பார்த்து நட்டாத்தான் தோட்டமும் தப்பும், நீயும் தப்புவே. அப்படி ஒரு செடிக்கு நான் எங்க போவேன்?"

கொழுக்கட்டை துள்ளி எழுந்தது. "இவ்வளவுதானே? அந்தப் பொறுப்பை என்கிட்ட விடு ஆத்தா. என் வாய்க்கு எது பிடிக்காதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

பாசம் வந்துவிட்டால் புத்தி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்தானே. குருவம்மாளும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

செய்தி காற்றோடு போனது. வற்றாத கிணறு உள்ள தோட்டத்தில் இடம் காலி. முயல் தின்னாத செடிக்கு மட்டும்தான் அனுமதி. மறுநாள் விடிந்ததும் வேலிப் படலுக்கு வெளியே செடிகள் வந்து நெருக்கியடித்து நின்றன. வற்றாத கிணற்றை யார்தான் விடுவார்கள்? எல்லாம் வழியிலேயே பேசி வைத்துக்கொண்டு, ஒரே பொய்யை விதவிதமாகச் சொல்லின.

முதலில் ஒரு வெளியூர்ச் செம்பருத்தி வந்தாள். "நான் வேப்பங்காயைவிடக் கசப்பு. என்னை ஆடே சீந்தாது."

"அப்படியா மதினி? ஒரு இலை குடு, பார்ப்போம்." கொழுக்கட்டை மென்றது. கண்ணை மூடி யோசித்தது. "கசக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இன்னொண்ணு குடு."

அப்படி இன்னொன்று இன்னொன்று என்று போய், கடைசியில் செம்பருத்தி குச்சியாக நின்றாள்.

"பொய் சொல்லிட்டியே மதினி! தேனா இனிக்கிற. போ, போ, உனக்கு இங்க இடமில்ல."

அகத்தி வந்து, தன்னைத் தின்றால் தலைமுடி கொட்டும் என்றது. கொழுக்கட்டை தன் உடம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அதன் தழையெல்லாம் தின்று தீர்த்தது. ஒரு முடியும் கொட்டவில்லை. அருகம்புல், "நான் புல்லே இல்ல, கம்பி" என்று சாதித்தது. கொத்தமல்லி பாவம், என்ன பொய் சொல்ல நினைத்ததோ, வாய் திறப்பதற்குள் வேரோடு உள்ளே போய்விட்டது.

மத்தியானம் தாண்டியது. தோண்டின குழியெல்லாம் அப்படியே வாய் பிளந்து கிடந்தன. கொல்லையில் கழுவிக் கவிழ்த்த பானை வெயிலில் காய்ந்தது. குருவம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏண்டா, நீ செடி பார்க்குறியா, விருந்து சாப்பிடுறியா? பானை காய்ஞ்சிருச்சுடா!"

"நான் என்ன ஆத்தா பண்றது?" கொழுக்கட்டை ஏப்பம் விட்டது. வயிறு மத்தளமாக இருந்தது. "எல்லாரும் பொய் சொல்றாங்க. உலகத்துல நம்புறதுக்கு ஒரு ஆளு இல்ல."

வெயில் தணிகிற நேரத்தில், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அரளி வந்தாள். நெடுநெடுவென்று உயரம். தலை நிறையக் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறப் பூ. அதைப் பார்த்ததுமே குருவம்மாளின் விரல்கள் நார் இல்லாமலே மாலை கட்டத் தொடங்கிவிட்டன. ஆனால் அரளி படலுக்குக் கிட்டே வரவில்லை. எட்டியே நின்றாள்.

"இடம் கேட்டுத்தான் வந்தேன். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடுறேன். நான் விஷம். இலை, பூ, குச்சி, எல்லாம் விஷம். தம்பி, என்மேல வாய் வச்சிடாதே."

கொழுக்கட்டை சிரித்த சிரிப்பில் தரையில் உருண்டது. "கேட்டியா ஆத்தா! மத்தவங்களாவது கசப்புன்னு சொன்னாங்க. இந்த அக்கா ஒரு படி மேல!"

"அவங்க சொன்னது பொய் தம்பி. நான் சொல்றது நிஜம்."

"அதையும்தான் அக்கா அவங்க சொன்னாங்க."

அரளி கிளைகளை உயரத் தூக்கினாள். பின்னால் நகரப் பார்த்தாள். நெடுந்தூரம் நடந்து வந்த வேர் ஒத்துழைக்கவில்லை. கொழுக்கட்டை ஒரே தாவாகத் தாவி, கீழ்க்கொப்பில் ஒரு இலையைக் கடித்துவிட்டது.

"டேய்!" என்று குருவம்மாள் கத்திக்கொண்டு ஓடினாள்.

"அக்கா..." கொழுக்கட்டையின் முகத்தில் ஆச்சரியம். "நீ நிஜமாத்தான்..."

பேச்சு அங்கேயே அறுந்தது. கொழுக்கட்டை பக்கவாட்டில் சாய்ந்தது. நான்கு காலும் விறைத்துக்கொண்டன.

குருவம்மாள் போட்ட கூச்சலில் சடையாண்டி பானையும் கையுமாக ஓடி வந்தான். முயல் கிடந்த கோலத்தைப் பார்த்தான். கையிலிருந்த பானை நழுவி, கல்லில் விழுந்து சிதறியது.

"ஏண்டி, என் பிள்ளைக்கு என்னடி ஆச்சு?"

அந்த அழுகையிலும் குருவம்மாளின் காதில் அது விழுந்தது. நேற்றுவரை உன் மகன். இப்போது என் பிள்ளை.

சடையாண்டி அரிவாளைத் தூக்கிக்கொண்டு அரளியைப் பார்த்துப் பாய்ந்தான். அரளி அசையவில்லை.

"வெட்டுங்க அண்ணே. ஆனா என் விஷத்தை அப்புறம் யாரு திருப்பி வாங்குறது?"

அரிவாள் அந்தரத்தில் நின்றது.

"காலையிலருந்து தின்ன தழையெல்லாம் வயித்துல இருந்து கழுத்து வரைக்கும் அடைச்சுக்கிட்டு நிக்குது. விஷம் இறங்க வழியில்லாம தொண்டையிலேயே தங்கிருச்சு. என் விஷத்தை நானே உறிஞ்சிக்குவேன். ஒரே ஒரு சங்கடம், தாயி. தொண்டையிலதான் இவன் பேச்சும் இருக்கு. விஷம் வந்தா, பேச்சும் ஒட்டிக்கிட்டு வந்துரும். அப்புறம் இவன் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டான். சொல்லு, எடுக்கவா?"

குருவம்மாள் மடியில் கிடந்ததைப் பார்த்தாள். இனி தோளில் நின்று ஊர்க்கதை சொல்ல ஆளில்லை. மல்லிக்குத் தண்ணி ஊற்றினாயா என்று அதிகாரம் பண்ண ஆளில்லை.

"எடு தாயி," என்றாள். "பேசுறதை நான் பேசிக்கிறேன். கேக்குறதுக்கு இவன் இருந்தாப் போதும்."

அரளி குனிந்தாள். இலை நுனியைக் கொழுக்கட்டையின் தொண்டையில் வைத்து இழுத்தாள். வெள்ளைப் பாலாக ஏதோ இலைக்குள் ஏறியது. குருவம்மாள் அந்தப் பொட்டு மூக்கில் தன் வாயை வைத்து ஊதினாள். ஊதினாள், இன்னும் ஊதினாள். மூக்கு லேசாக நடுங்கியது. பிறகு ஆடியது. பிறகு நிற்காமல் ஆடியது.

கொழுக்கட்டை கண்ணைத் திறந்தது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. திகைத்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தது. அப்போதுதான் ஒரு புது விஷயம் அதற்குத் தெரிந்தது: ஆத்தாளின் உள்ளங்கையில் மல்லி வாசம் இருக்கிறது. சடையாண்டியின் துண்டில் வியர்வையும் புகையிலையும் இருக்கின்றன. மூக்கை ஆட்டிக்கொண்டே அரளியின் பக்கம் திரும்பியது. சட்டென்று முகத்தைச் சுளித்து நாலடி பின்வாங்கியது.

"அவ்வளவுதான் தம்பி," என்று அரளி சிரித்தாள். "இனிமே முதல்ல மூக்கைக் கேளு. நாக்கு கடைசியிலதான்."

கிளம்பப் போனவளைக் குருவம்மாள் தடுத்தாள். "இத்தனை பேர்ல நிஜம் சொன்னவ நீ ஒருத்திதான். உனக்கு இடம் இல்லேன்னா வேற யாருக்கு?"

"உள்ள வேண்டாம் தாயி. என் சருகு ஒண்ணு காத்துல பறந்தாக்கூட இவன் விளையாடுற முற்றத்துல விழக் கூடாது. தள்ளி, வேலிக்கு அப்பால நிக்கிறேன். ஆடு மாடு என்னைத் தாண்டி வராது. வேணுங்கிற பூவைப் பறிச்சுக்கோ. கையை மட்டும் கழுவிட்டு அவனைத் தூக்கு."

பொய் சொன்ன செடிகளையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தன. செம்பருத்தி, அகத்தி, அருகம்புல், கொத்தமல்லியின் தங்கை எல்லாருக்கும் வேலிக்கு உள்ளேயே இடம் கிடைத்தது. தண்டனை ஒன்றுதான்: கொழுக்கட்டைக்குத் தினமும் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. அதற்கென்று ஒரு பாத்தியைச் சடையாண்டியே வெட்டினான். கேட்டால், வேறு வேலையில்லை, அதனால் வெட்டினேன் என்றான்.

திருவிழா வந்தது. அம்மன் கழுத்தில் முதல் மாலை, ரோஸ் நிறத்தில், கனத்து, முழங்கால்வரை தொங்கியது. ஊர்ப் பெண்கள் குருவம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இவ்வளவு பூ பூத்துக்கிடக்கு, உன் கொண்டையில ஒண்ணு இல்லையே?"

அவளுக்கும் ஆசைதான். காலையில் ஒரு கொத்தை எடுத்துக் கொண்டைவரை கொண்டுபோனவள்தான். அந்த நேரம் பார்த்து, பேசாத நான்கு கால்கள் முதுகில் ஏறித் தோளில் வந்து நின்றன. பூவைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

"அம்மன் தோள்ல ஏறிப் பூவைத் திங்க முயல் இல்ல," என்றாள். "எனக்கு இருக்கே."

அரளி சாமி கழுத்துக்குப் போகிறதே தவிர, பெண்கள் கொண்டைக்கு ஏறாதது அன்றைக்கு ஆரம்பித்ததுதான். முயல் வளர்க்கிற வீட்டுக்காரர்கள் செம்பருத்தியையும் அருகம்புல்லையும் உள்ளே வைத்து, அரளியை வெளியே தள்ளி நிறுத்துவதும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். முயலும் அன்று முதல் பேசுவதில்லை. எது நீட்டினாலும் மூக்கை ஆட்டி ஆட்டி விசாரித்த பிறகுதான் வாயைத் திறக்கிறது. சடையாண்டி? அவன் புதுப்பானை வாங்கவே இல்லை.

கதை இதுதான். யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், முக்கியமாகச் செம்பருத்தியிடம். அவள் அன்றைக்குச் சொன்ன பொய் இப்படி ஊரெல்லாம் உலவுகிறதென்று தெரிந்தால், சொன்னவன் வீட்டில் ஒரு மொட்டுகூட விடமாட்டாள்.