மணக்கும் மதகு

பூவாற்றூரை ஆண்ட வீரகண்ட பூபதிக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று வாசனை. மற்றது ராணியின் அண்ணன் பஞ்சநதர். வாசனை அதிகமானால் சாளரத்தைத் திறந்துவிடலாம். பஞ்சநதருக்கு அந்த வழி கிடையாது. ஆகவே அவரைக் கட்டட வேலைகளுக்கெல்லாம் அதிகாரியாக்கி வைத்திருந்தார். அதுவரை பஞ்சநதர் தன் கையால் கட்டியது தலைப்பாகை மட்டும்தான்.

அந்த ஐப்பசி மழையில் பேரேரியின் மதகு உடைந்தது. ஏரிக்குக் கீழே இருந்த ஊர்களெல்லாம் வெள்ளக்காடு. அரசவை விகடகவி மருதக்கூத்தனின் அக்காள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வைக்கோற்போர் மேல் ஏறி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாடுகளுக்குப் போர் ஏறத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த மருதக்கூத்தன் கொஞ்ச நாள் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் புது மதகு பற்றிப் பேச்சு எழுந்தது. பஞ்சநதர் வெள்ளித் தட்டோடு சபைக்கு வந்தார். தட்டில் வெண்ணெய் போல ஓர் உருண்டை.

"மகாராஜா! அடியேன் கண்டுபிடித்த ராஜ சாந்து. சிப்பிச் சுண்ணாம்பு, பசும்பால், பன்னீர், அரைத்த சந்தனம். மோந்து பாருங்கள்!"

அரசர் மோந்தார். கண் தானாக மூடிக்கொண்டது. "ஆகா! மதகே மணக்குமே!"

"மதகுக்குச் செங்கல் பொடி சேர்ப்பது வழக்கமாயிற்றே?" என்று மருதக்கூத்தன் மெல்லக் கேட்டான்.

"சீச்சீ! மகாராஜாவின் பெயர் பொறிக்கும் மதகில் உடைந்த செங்கல்லா?" பஞ்சநதர் காதைப் பொத்திக்கொண்டார்.

அரசர் அப்போதே ஆணையிட்டார். "இனி என் நாட்டில் மாளிகையானாலும் மாட்டுத் தொழுவமானாலும் ராஜ சாந்துதான். இதைக் குறை சொல்கிறவன் வாயை இதே சாந்தால் பூசி அடைப்பேன். பூசியது பெயரும்வரை அவன் பேசக் கூடாது!"

சபை முழுக்க ஒரே புகழ்ச்சி. மதகுக்கு எந்தக் கலவை வேண்டும் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தங்கள் வாய்க்கு எந்தக் கலவை வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மருதக்கூத்தன் அக்காள் முகத்தை நினைத்துக்கொண்டான். எழுந்தான். "மகாராஜா, இந்தச் சாந்து மதகுக்கு ஆகாது."

"என் ஆணை உன் காதில் விழவில்லையா?"

"நன்றாக விழுந்தது. பூசச் சொல்லுங்கள். ஒரே விண்ணப்பம். பஞ்சநதரே தம் கையால் பூச வேண்டும். வேறு யாராவது பூசினால் சாந்துக்கு மரியாதைக் குறைவு."

பஞ்சநதருக்குத் தீபாவளி! தோல் வெந்துபோகாமல் இருக்க எண்ணெய்த் துணியைக் கட்டி, அதன்மேல் ஒரு காதிலிருந்து மறு காதுவரை அப்பினார். மூக்கை மட்டும் விட்டுவைத்தார். இரக்கமுள்ள மனிதர்.

மருதக்கூத்தன் முற்றத்து வெயிலில் உட்கார்ந்தான். பசி வயிற்றைக் கிள்ளியது. சந்தன வாசனை மூக்கைத் துளைத்தது. அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து வந்த நெய்வாசனை அதைவிட மோசமாகத் துளைத்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் பஞ்சநதர் வந்து விரலால் தட்டினார். டக், டக்.

"கருங்கல், மகாராஜா! இனி இவன் வாயைக் கடப்பாரை கொண்டுதான் திறக்க வேண்டும்!"

மருதக்கூத்தன் அரசரைக் கும்பிட்டு, ஏரிப் பக்கம் கைகாட்டினான். என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று அரசர் கிளம்பினார். அரசர் போனால் சபையும் போகத்தானே வேண்டும்? மருதக்கூத்தன் விறுவிறுவென்று ஏரிக்குள் இறங்கி, மூக்குக்குக் கீழே தண்ணீர் தொட நின்றான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சநதர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பிறகு அவனைச் சுற்றித் தண்ணீர் மோர் போல வெளுத்தது. சந்தனம் மணத்தது. சாந்து கட்டி கட்டியாக வழிந்து இறங்கியது. கடைசியில் துணி அவிழ்ந்து மிதந்தது. மருதக்கூத்தன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"வணக்கம் மகாராஜா! பெயரும்வரை பேசக் கூடாது என்றீர்கள். பேசவில்லை. பெயர்ந்துவிட்டது. குறையை நான் சொல்ல வேண்டிய வேலையும் மிச்சம். ஏரியே சொல்லிவிட்டது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், ஏரி நன்றாக மணக்கிறது."

பஞ்சநதர் குதித்தார். "தண்ணீரில் போய் ஊறினால் எந்தச் சாந்துதான் கரையாது?"

"நியாயம். மதகில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட்டுவிடலாம்."

அரசர் மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். மருதக்கூத்தன் கரையேறி, ஈரம் சொட்டச் சொட்டக் கை கூப்பினான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"மகாராஜா, ராஜ சாந்தைப் பள்ளியறை உட்சுவருக்குப் பூசுங்கள், அருமையாக இருக்கும். மாடித் தளத்துக்குக் கடுக்காய் நீர் விட்டு அரைத்த சாந்து வேண்டும். மதகோ தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. அதற்குச் சுண்ணாம்போடு செங்கல் பொடியைச் சேர்த்து அரைக்க வேண்டும். அதுதான் தண்ணீருக்குள்ளும் இறுகும். எங்கே நிற்கப்போகிறது என்று கேட்காமல் கலவையைக் குழைத்தால், கீழே இருக்கிற ஊர்கள்தான் மறுபடியும் வைக்கோற்போர் ஏற வேண்டும்."

அரசர் தலையசைத்தார். "சரி. உன் சாந்து கரையாது என்று நான் எப்படி நம்புவது?"

"இதே மாதிரி சோதித்துவிடலாம், மகாராஜா. செங்கல் பொடி இருக்கிறது. சுண்ணாம்பு இருக்கிறது. ஒரு வாய்தான் குறைகிறது." மருதக்கூத்தன் பஞ்சநதர் பக்கம் மரியாதையாகத் திரும்பினான். "ஆனால் ராணியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இது பெயராது!"

அரசர் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகளெல்லாம் பறந்துபோயின. தம் தோளில் கிடந்த சால்வையை அவனுக்குப் போர்த்தி, மதகு வேலையையும் அவன் பொறுப்பிலேயே விட்டார்.

வேலை முடியும்வரை பஞ்சநதர் வாயே திறக்கவில்லை. யாரும் எதையும் பூசாமலே.