செவலை வந்த பிறகு

அந்தக் காலத்தில், மலைமேல் முதல் கோயில் மணி ஏறிய புதிதில், நாயும் பூனையும் காட்டு மிருகங்களும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. அதிலும் நாய்தான் வாயாடி.

தேயிலைச் சரிவின் கடைசி வீட்டில் செசிலி இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. புருஷன் பெயர் சந்தியாகு. அவர்கள் வளர்த்த பெண் நாய் செவலையும் அப்போதுதான் இரண்டு குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத குட்டிகள். குளிர் தாங்காதே என்று செசிலி அவற்றை அடுப்போரம் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தாள்.

அந்த மலையில் ஒரு சிறுத்தை இருந்தது. அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. யார் பேசுவது காதில் விழுகிறதோ, அவர்கள் குரலை எடுத்துக்கொண்டு பேசும்; அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டால் அந்தக் குரலும் கொஞ்ச நேரம்தான் அதனிடம் நிற்கும். போன மாதம் மேல்வீட்டுக்காரி, தன் நாய் கூப்பிடுகிறது என்று நம்பிக் கதவைத் திறந்தாள். மறுநாள் அந்த வீட்டில் தூளி வெறுமனே தொங்கியது. அதற்குமேல் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

காட்டுக்குப் பயந்து அங்கே கிறிஸ்துமஸ் பூசையைச் சாயங்காலமே வைத்துவிடுவார்கள். பச்சைப் பிள்ளையோடு செசிலி வரமுடியாது. சந்தியாகு மட்டும் கிளம்பினான்.

“பாலம் வரைக்கும் அண்ணனுக்குத் துணையாப் போய்ட்டு வந்துடறேன் அக்கா,” என்றது செவலை. “அதுக்குள்ள அச்சுமுறுக்கு எல்லாத்தையும் நீங்களே தின்னுடாதீங்க.”

“பிள்ளை பெத்தவ தின்னா உனக்கென்னடி?”

“நானுந்தான் பெத்திருக்கேன். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. நியாயமாப் பார்த்தா எனக்குத்தான் ரெட்டைப் பங்கு.”

“போடி வாயாடி. நகத்தை இழுத்து இழுத்து நடந்து தரையெல்லாம் கீறி வச்சிருக்கே. உனக்குப் பங்கு வேறயா?”

சந்தியாகு சிரித்தான். படி இறங்கியதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. “யார் கூப்பிட்டாலும் திறக்காதே, செசிலி. நான் கூப்பிட்டாலும் திறக்காதே. பூசை முடிஞ்சா இருட்டிடும், கோயில்லயே படுத்துட்டு விடிஞ்சதும் வர்றேன். ஜன்னல்ல என் முகத்தைப் பார்த்துட்டுத் திற.”

செவலை திரும்பி வந்தால் என்ன செய்வது என்று இருவருக்குமே தோன்றவில்லை.

செசிலி தாழ்ப்பாளைப் போட்டாள். மூலையில் வைக்கோல் பரப்பிய கிறிஸ்துமஸ் குடிலில் பொம்மை மாடும் கழுதையும் ஆடுகளும் தயாராக நின்றன. கோயில் மணி அடித்ததும் குழந்தை இயேசுவின் சுரூபத்தை அதில் வைக்க வேண்டும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே பனிமூட்டம் இறங்கி வாசற்படியை மூடியது.

“அக்கா, நான்தான். கதவைத் திறங்க.”

செசிலி எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். உடனே கோழிக்கூட்டுப் பக்கமிருந்து அதே குரல் கேட்டது.

“அக்கா, நான்தான். கதவைத் திறங்க.”

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். “செவலைன்னா சொல்லு. உனக்கு எத்தனை குட்டி?”

“ரெண்டு,” என்றது வாசல். “ரெண்டு,” என்றது கோழிக்கூடு.

“எங்கே படுத்திருக்கு?”

“அடுப்போரம், சாக்குல.” “அடுப்போரம், சாக்குல.” இரண்டாவது குரல் இப்போது கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

கேட்கக் கேட்க, வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தானே அதற்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது செசிலிக்கு அப்போதுதான் உறைத்தது. சுரூபத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

“யாரா இருந்தாலும் போயிடுங்க. திறக்க மாட்டேன். எனக்குப் பிள்ளை இருக்கு.”

“எனக்கும் இருக்கே, அக்கா,” என்று ஒரு குரல் அழுதது.

“எனக்கும் இருக்கே, அக்கா,” என்று இன்னொன்றும் அதேபோல் அழுதது.

அந்த அழுகையையும் சிறுத்தை எடுத்துக்கொண்டதும், வாசலில் நின்ற செவலைக்குப் புரிந்துவிட்டது. தான் பேசும்வரை அதுவும் பேசும். தன் குரலில் இனி எது சொன்னாலும் தன்னுடையது இல்லை. செவலை வாயை மூடிக்கொண்டது.

மற்றக் குரல் மட்டும் விடவில்லை. “அக்கா, தூளி எந்தப் பக்கம் கட்டியிருக்கு?”

கதவின் அடியில் ஒரு சத்தம் கேட்டது. கரக். கரக். கரக்.

தினமும் அவள் திட்டிக்கொண்டிருந்த நகச்சத்தம். சிறுத்தை நகத்தைப் பாதத்துக்குள் ஒளித்துக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கும். நாய்க்கு அப்படி ஒளிக்கத் தெரியாது. அந்தச் சத்தத்தில் பொய் இல்லை.

“மாதாவே!” என்று தாழ்ப்பாளை இழுத்தாள். ஒரு சாண் இடைவெளியில் கையைவிட்டு, பிடரியைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவை அறைந்து சாத்தினாள். அடுத்த நொடி ஏதோ கனமாக வந்து மோதியது. கதவு நடுங்கியது. வெளியே “அக்கா…” என்று ஆரம்பித்த குரல், பின்பற்ற ஆளில்லாமல் பாதியில் உடைந்து, ரம்பம் போட்டு மரம் அறுப்பதுபோல் கரகரத்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போனது. இன்றுவரை சிறுத்தைக்கு அந்தச் சத்தம்தான்.

“நீதானேடி? ஏதாவது பேசேன்டி!”

செவலை கதவைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை. வால் மட்டும் தரையில் தட்டியது. போய்க் குட்டிகளைச் சுற்றிச் சுருண்டு, நக்கிக் கொடுத்தது. அவற்றிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சைக் கேட்காமலே வளர்ந்த குட்டிகளுக்குப் பேச்சு வரவேயில்லை.

கீழே கோயில் மணி அடித்தது. செசிலி குழந்தை இயேசுவைக் குடிலில் வைத்தாள். பிறகு இரண்டு அச்சுமுறுக்கை எடுத்துச் செவலைக்கு ஊட்டிவிட்டாள்.

அன்று முதல்தான், செவலையைப் பார்த்து மற்ற நாய்களும் பேசுவதை விட்டுவிட்டுக் கதவைப் பிராண்டுகின்றன. அந்த மலை வீடுகளில், கிறிஸ்துமஸ் அன்று மணி அடித்து ஓய்ந்தாலும் சரி, நாய் உள்ளே வந்து படுத்த பிறகுதான் குடிலில் குழந்தையை வைக்கிறார்கள்.