தண்ணீரில் எழுதிய பெயர்

குறிஞ்சிப்பாறை மலையில் சௌந்தரபாண்டியன் ஒரு பெரிய சொகுசு விடுதி கட்டினார். அங்கே நீச்சல் குளம் நிரம்ப நிரம்ப, பக்கத்து ஊரின் சுனை வற்றிக்கொண்டே வந்தது. குடிக்கவே தண்ணீர் போதாது என்றானதும், விடுதியில் துணி துவைக்கும் செவந்தி அவரிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

"அது என் போர் தண்ணிம்மா. என் விடுதிக்கு ஆள் வர்றதாலதான் உங்க ஊரே சோறு திங்குது. உங்க சுனைத் தண்ணின்னா, அதுல ஊர்ப் பேரா எழுதியிருக்கு?" என்று அவர் சிரித்தார்.

"இல்லீங்க ஐயா. எழுதிடுறோம்."

மலையில் நீரோட்டத்தை ஆராய மீனலோசனி என்ற ஆய்வாளர் வந்திருந்தார். தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று அறிய, கெடுதி இல்லாத பச்சைச் சாயத்தை ஓடைகளில் கரைப்பது அவர் வழக்கம். செவந்தி அவரைச் சுனைக்கு அழைத்துப்போனாள்.

மறுநாள் விருந்தினர்கள் எல்லோர் கண்ணெதிரிலும் நீச்சல் குளம் கிளிப்பச்சை ஆனது.

"என்ன கூத்து இது?" என்று சௌந்தரபாண்டியன் பதறினார்.

"எங்க ஊர்ப் பேருங்க ஐயா. படிக்கத் தெரியுதுங்களா?" என்றாள் செவந்தி.

ஊரே திரண்டு சுனையோரம் தோண்டியது. மண்ணுக்குள் ஒளித்துப் பதித்திருந்த குழாய் அகப்பட்டது. அன்றே அதைப் பிடுங்கி எறிந்தார்கள். விடுதி இப்போது மழைநீரைச் சேமித்துக்கொள்கிறது.

செய்தி பரவியதும் சுனையைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் மலையேறி வருகிறார்கள். சுனையருகே செவந்தி சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள். இலை போடும் முன்னே ஒரு சொம்பு நீட்டி, "முதல்ல எங்க தண்ணியைக் குடிச்சுப் பாருங்க" என்பாள்.