தண்டை போட்ட பிள்ளை

பிரசவமாகி நாற்பது நாள். புருஷன் செத்து ஐந்து மாதம். வடிவு, இரட்டைப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே துணியில் சுருட்டி அணைத்துக்கொண்டு கான்வென்டுக்கு வந்தாள். சின்ன வயதில் அவளுக்கு ஐரோப்பிய பாஷைகள் சொல்லிக்கொடுத்த மதர் எமிலியானா தோட்டத்தில் இருந்தார்.

“மதர், மூத்தவனுக்கே எல்லாம் என்கிற சட்டத்துக்கு ஒரு வார்த்தைகூட இல்லாத பாஷை எது? அந்த ஊருக்கே ஓடிப்போயிடுறேன்.”

“லத்தீன்ல ப்ரிமொஜெனிதூரா. இத்தாலியிலயும் ஸ்பெயின்லயும் அதேதான், ராகம் மட்டும் வேற. ஜெர்மன்ல சொன்னா வாய் வலிக்கும். ஓடிப்போறதுக்கா நான் பாஷை சொல்லிக்கொடுத்தேன்?”

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலையில் புருஷன் வீட்டு ஜமீனிலிருந்து காரியஸ்தர் வருகிறார். அந்த ஜமீனில் இரட்டை பிறந்தால், முதலில் வந்த பிள்ளையின் காலில் மருத்துவச்சி வெள்ளித் தண்டை பூட்டிவிடுவாள். தண்டை போட்டவன் அரண்மனைக்குப் போவான். அத்தனை நிலமும் அவனுக்கு. மற்றவனுக்குப் படியரிசியும் அம்மாவும்.

“ஒருத்தனைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க, மதர். எனக்கு ரெண்டு பேரும் வேணும்.”

“மருத்துவச்சி என்ன சொல்றா?”

“போன வாரம் தவறிட்டா.”

“பிறந்தப்போ கூட யார் இருந்தா?”

“வேற யாருமில்லே.”

மதர் ஒரு பிள்ளையின் காலிலிருந்த தண்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். பிள்ளைகளை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றிக் கிடத்தினார்.

“இப்போ மூத்தவன் யாரு?”

வடிவு சட்டென்று தொட்டுக் காட்டினாள்.

“எனக்குத் தெரியலே. காரியஸ்தருக்கும் தெரியாது. தெரியாம யாரைத் தூக்கிட்டுப் போவார்?”

“கோபத்துல மூணு பேரையும் வெறுங்கையோட விரட்டிடுவார்.”

“விரட்டினா?”

வடிவு பிள்ளைகள் இரண்டையும் மடிக்கு இழுத்துக்கொண்டாள். “விரட்டட்டும்,” என்றாள். பிறகு தலை நிமிர்ந்தாள். “பொய் சொல்லச் சொல்றீங்களா, மதர்?”

“அந்தப் பாவத்துக்கு நான் வரமாட்டேன். வாயைத் திறக்காதேங்கிறேன்.”

“சத்தியம் பண்ணச் சொல்வாங்களே.”

“அதுக்கும் வாயைத் திறக்கணும்ல?”

வடிவு எழுந்து போய், கான்வென்டின் மாதா கோயில் உண்டியலில் தண்டையைப் போட்டாள். போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

“எத்தனை நாளைக்கு மதர்?”

“காரியஸ்தருக்கு நாளை ஒரு பொழுது போதும். பெரியவனானதும் ஒருத்தன் தனியா வருவான். உன் மடியில தலையை வெச்சுக்கிட்டு, ‘நான்தானேம்மா மூத்தவன்?’னு கேப்பான். அன்னைக்கும் திறக்காதே.”