பலாமரத்தடியையும் சேர்த்து

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பங்களாவில் சீரியல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. பங்களாக்காரர் நாச்சிமுத்து இருமினாலே ஊர் எழுந்து நிற்கும். அன்று மதியம் அவர் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நேத்து டிவியில என்ற ஊட்டை உங்க வில்லன் எழுதி வாங்கிட்டான். சொந்தபந்தமெல்லாம் போன் போட்டுத் துக்கம் கேக்குது. ஊடு என்ற பேருக்குத் திரும்பாம ஒருத்தரும் வெளிய போகப்படாது."

எடுத்த காட்சி சாயங்காலத்துக்குள் சென்னைக்குப் போகாவிட்டால் சேனல்காரர்கள் சீரியலையே நிறுத்திவிடுவார்கள். கதையை மாற்றும் அதிகாரமோ டைரக்டருக்கு இல்லை. அவர் வெளிறிப்போய் நின்றார். யூனிட்டுக்கு டீ போடுபவன் சகாயம். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு டீயோடு நாச்சிமுத்துவிடம் போனான்.

"ஐயா, வீட்டை இன்னைக்கே உங்க பேருக்கு மாத்திடலாங்க. ஆனா பலாமரத்தடியையும் சேர்த்துத்தான் வாங்கிக்கணும்."

"மரமும் என்றதுதானப்பா. அதுக்கென்ன?"

"போன மாசம் சீரியல்ல மூத்த மருமகளைக் கொன்னு அங்கதானுங்களே புதைச்சாங்க. நாளைக்குப் போலீஸ் வந்து தோண்டப் போகுது. வீடு யார் பேர்ல இருக்கோ அவர் கைக்குத்தான் விலங்கு. உங்க சொந்தபந்தமெல்லாம் டிவியில பார்க்கும்."

நாச்சிமுத்து டீயைக் கீழே வைத்துவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"அட, கதையைப் போய் நெசம்னு நம்புவாங்களா" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

வேன் கிளம்பியதும் சகாயம் திரும்பிப் பார்த்தான். நாச்சிமுத்து பலாமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணைக் காலால் மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.