எட்டு மணி பஸ்

எம்.எல்.ஏ. தாண்டவமூர்த்தி பழைய ஒழுக்கம் பேசும் கட்சிக்காரர். காலையில் ரேடியோவில் கர்ஜனை கதிரேசன் பேசும்வரை அவருக்கு எந்த விஷயத்திலும் கருத்தே இருக்காது. காபி டம்ளரோடு கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார்.

அன்று கதிரேசன், “மில் பெண்களுக்கு ராத்திரி எட்டு மணி பஸ் எதற்கு? பொழுது சாய்ந்தால் பெண் வீட்டில் இருக்கணும். நிறுத்துங்கள்!” என்று முழங்கினார். உடனே எம்.எல்.ஏ. டிப்போவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

சமையல்கார லூர்தம்மாள் கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்தாள். மில்லுக்குப் போகும் அவள் மகள் வீடு திரும்புவதே அந்த பஸ்ஸில்தான்.

“நிறுத்திராதீங்கய்யா. பிள்ளைங்க இருட்டுல நாலு மைல் நடக்கணும்.”

“நேயர் நேரம் இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கதிரேசன் வாயாலேயே பஸ் வேணும்னு சொல்லவை, பார்ப்போம். இல்லேன்னா கையெழுத்துதான்.”

மாதாவை வேண்டிக்கொண்டு, அவள் அடுப்படியில் நின்றே ரேடியோவுக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை லைன் கிடைத்தது.

“அண்ணாச்சி, அந்த பஸ் முகப்புல உங்க பேரைப் பெரிசா எழுதணும்னு எனக்கு ஒரு ஆசை. அதுக்குள்ள நிறுத்தச் சொல்லிட்டீகளே?”

ரேடியோ கொஞ்சம் செருமியது.

“யாரும்மா நிறுத்தச் சொன்னது? என் பேர் போட்ட பஸ்ஸை எவன் தொடுறான்னு பார்க்கிறேன்!”

எம்.எல்.ஏ. அவசரமாகக் கடிதத்தைக் கிழித்தார்.

“நானும் அதைத்தான் நினைச்சேன்” என்றவர், அடுப்படியை எட்டிப் பார்த்தார். “அந்தம்மா குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே?”

“இந்த வீட்டுலதான்யா. பன்னிரண்டு வருஷமா பேசுறேன். இன்னைக்குத்தான் உங்க காதுல விழுந்திருக்கு.”