கடைமடை வயல்

வீரபாகுவுக்குக் கோபம் வந்தால் செருப்பு கால் மாறிவிடும். அன்றைக்கும் மாறித்தான் இருந்தது. அப்படியே விறுவிறுவென்று மடத்துக்குள் வந்து நின்றார்.

மடத்தை நடத்துகிற பூரணத்தம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் ஊரே அவளிடம்தான் புத்தி கேட்கும். வீரபாகு அவளுக்குச் சீடராகி ஆறு வருஷம். கோபம் மட்டும் குறைந்தபாடில்லை.

"என்ன அண்ணாச்சி, முகம் இப்படிச் செவந்து கெடக்கு?"

"நாளைக்குக் கோயில் கொடைத் திருவிழா தாயே. பரிவட்டத் தட்டை வாங்கி எல்லார் தலையிலயும் கட்டுத முதல் மரியாதை எந்த வீட்டுக்குன்னு காலையில சபையில முடிவாகும். இந்தக் குளத்தை வெட்டினது எங்க பூட்டன் பொன்னாண்டி. நாலு தலைமுறையா சொல்லிக்கிட்டு வாறோம். போட்டிக்கு நிக்க கீழவீட்டுக்காரன் நாலு பேரு முன்னால என்ன கேக்கான் தெரியுமா?"

"என்ன கேக்கான்?"

"'குளம் வெட்டி, ஊருக்கே வயலைப் பங்கு வச்சவன், மடைக்குப் பக்கத்துல நல்ல வயலா எடுத்துக்கிடாம, வாய்க்கால் முடியுத கடைமடைக்கா போவான்? உங்க வயலுக்குத் தண்ணி வந்து சேருததுக்குள்ள தவளைக்குப் பேரன் பொறந்துருமே'ங்கான். கூட்டமே சிரிச்சிட்டு."

பூரணத்தம்மாளும் சிரித்துவிட்டாள். வீரபாகுவுக்கு அழுகையே வந்துவிட்டது. கீழவீட்டுக்காரன் கேட்டது நியாயமாக வேறு இருந்து தொலைத்தது.

"எனக்கே சந்தேகம் வந்துட்டு தாயே. எங்க பூட்டன் குளம் வெட்டினாரா? இல்ல, கடைசியா வந்து மிச்சத்தைப் பொறுக்கினாரா?"

அந்த நேரம் பார்த்து, குளத்தங்கரையை உயர்த்துகிற வேலையாட்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது.

"பதில் எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல இதைப் பிடிங்க" என்று அகப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நடுவில் சோறு போடச் சொல்கிறாளே என்று அவருக்கு எரிச்சல். ஆனால் பானைப் பக்கம் போனதும் மனுஷர் ஆளே மாறிவிட்டார். மண் சுமந்தவர்களுக்கு ஒரு அகப்பை கூடுதல். பல் போன கிழவனுக்குக் குழைந்த சோறாகப் பார்த்து வைத்தார்.

"அண்ணாச்சி, குழம்புல பயறு இருக்கா, பேருக்குத்தானா?" என்றான் ஒருவன்.

"அள்ளுத கைதாம்ல என்னுது. ஆக்கின கையைப் போய்க் கேளு!"

பந்தியே சிரித்தது. எல்லோரும் கைகழுவிப் போனபின், அடிச்சோற்றைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு, குழம்புச் சட்டியை வழித்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார் வீரபாகு.

"பசிக்கலையோ அண்ணாச்சி?"

"ஏன் பசிக்காம? காலையில இருந்து பச்சைத்தண்ணி கூடக் குடிக்கல."

"அப்ப முதல் அகப்பையை உங்க இலையில போட்டிருக்கலாம்லா? பானை உங்க கையிலதான இருந்துச்சு?"

"நல்லாருக்கே கதை! பங்கு வைக்கவன் முதல்ல எடுத்துக்கிட்டா, அடுத்தவன் அவனை நம்புவானா? எல்லாருக்கும் வச்சுட்டு, கடைசியிலதான..."

அடுத்த நொடி எச்சில் கையோடு துள்ளி எழுந்தார். "தாயே! அப்ப கடைமடைதான் சாட்சி! பங்கு வச்சது எங்க பூட்டனேதான்! நாளைக்குச் சபையில போட்டு உடைக்கேன் பாருங்க. பரிவட்டத் தட்டு எங்க கைக்குத்தான்!"

"உங்க கைக்கேதான் வரும். வரட்டும்" என்றாள் பூரணத்தம்மாள். "பொன்னாண்டி பேரனாச்சே. வாங்கி, முதல்ல யார் தலையில கட்டுவீங்க?"

வீரபாகு காலியான சோற்றுப் பானையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.